ஜின்ஜா, மட்சுரி, பூங்கா: ஜப்பானில் குடியிருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டோக்கியோவின் கிழக்குப் பக்கம், எடோகவா வட்டாரத்தில் இருக்கிறேன். நிஷி கசாய் ரயில் நிலையத்தைச் சுற்றி இந்தியக் குடும்பங்கள் நிறைய. வேலை மாற்றலாகிப் புதிதாக வருகிறவர்கள் முதலில் வீடு, மளிகை, பள்ளி பற்றிக் கேட்பார்கள். அது ஓய்ந்ததும் அடுத்த சுற்று ஆரம்பிக்கும்: அந்தச் சிவப்பு வாசலுக்குள் போகலாமா, கை தட்டணுமா, பார்க்கில் கிரிக்கெட் ஆடலாமா? அப்படிக் கேட்டவைதான் கீழே. ஒரு வாரம் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை நினைத்து எழுதவில்லை. இங்கேயே குடியிருப்பவர் ஒரே இடத்துக்குப் பருவத்துக்கு ஒரு தடவை போகலாம், கூட்டம் இருந்தால் திரும்பி வந்துவிடலாம். அந்த வசதி உள்ளவர்களுக்கான பதில்கள் இவை.

ஷிண்டோ கோயில் எது, பௌத்தக் கோயில் எது? எப்படிக் கண்டுபிடிப்பது?

வாசலைப் பாருங்கள். இரண்டு தூண், மேலே குறுக்குச் சட்டங்கள், கதவு கிடையாது என்றால் அது தோரி. உள்ளே இருப்பது ஜின்ஜா, அதாவது ஷிண்டோ கோயில். ஓடு வேய்ந்த பெரிய வாசல், ஊதுபத்திப் புகை, பக்கத்தில் கல்லறைகள் என்றால் பௌத்தக் கோயில், ஓதெரா. பெயரிலும் தெரிந்துவிடும். ஜின்ஜா, ஜிங்கு, தைஷா என்று முடிந்தால் ஷிண்டோ. ஜி, தெரா, இன் என்று முடிந்தால் பௌத்தம்.

இது எதற்குத் தெரிய வேண்டும் என்றால், ஜின்ஜாவில் கை தட்டிக் கும்பிடுவார்கள், பௌத்தக் கோயிலில் தட்டுவதில்லை. மற்றபடி இரண்டுக்கும் நடுவில் பெரிய சுவர் எதுவும் கிடையாது. 1868-ல் மெய்ஜி அரசு இரண்டையும் பிரிக்கச் சொல்லி உத்தரவு போடும்வரை ஒரே வளாகத்தில் கலந்துதான் இருந்தன. டோக்கியோவின் அசகுசாவில் சென்சோஜி பௌத்தக் கோயில், அதன் வலப்பக்கத்திலேயே அசகுசா ஜின்ஜா. சுமிதா ஆற்றில் மீனவச் சகோதரர்கள் இருவரின் வலையில் கன்னோன் (அவலோகிதேஸ்வரர்) சிலை கிடைத்ததாகவும், ஊர்ப் பெரியவர் ஒருவர் அதை வழிபட ஏற்பாடு செய்ததாகவும் கதை. சிலைக்கு ஓதெரா, அந்த மூன்று பேருக்கும் ஜின்ஜா. காமகுராவில் உள்ள செனியராய் பென்தென் ஜின்ஜாதான், ஆனாலும் அங்கே ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். ஆகவே இடம் மாறிக் கை தட்டிவிட்டால் ஒன்றும் ஆகாது. ஜப்பானியர்களே சென்சோஜியில் தட்டுவதைப் பார்க்கலாம்.

வேறு மதத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளே போகலாமா? கட்டணம் உண்டா?

தாராளமாகப் போகலாம். உங்கள் மதம் என்ன என்று யாரும் கேட்பதில்லை. கும்பிட விருப்பமில்லாதவர்கள் சும்மா நடந்துவிட்டு வரலாம், அதையும் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. பெரும்பாலான ஜின்ஜாக்கள் இலவசம். தோட்டம், அருங்காட்சியகம், கியோட்டோவின் பெரிய பௌத்தக் கோயில்கள் ஆகியவற்றுக்குத்தான் சீட்டு. டோக்கியோவின் மெய்ஜி ஜிங்குவில் சன்னதிவரை இலவசம். ஜூன் மாதம் ஐரிஸ் பூக்கும் உள்தோட்டத்துக்கு 500 யென்.

செருப்பை எங்கே விடுவது?

விட வேண்டாம். நம்மவர்கள் எல்லோரும் தோரியைக் கண்டதும் குனிந்து காலைப் பார்ப்பார்கள். காணிக்கைப் பெட்டிவரை செருப்போடு, பூட்ஸோடு போகலாம். படியேறி மண்டபத்துக்குள், பாய் விரித்த அல்லது பலகை போட்ட தரையில் உட்காரும்போதுதான் கழற்ற வேண்டும். அதனால் ஓட்டையில்லாத காலுறை போட்டுக்கொண்டு போவது நல்லது. தொப்பியை மட்டும் எடுத்துவிடுங்கள்.

கை கழுவும் முறை, கும்பிடும் முறை?

தோரியில் நுழையும்போது லேசாகத் தலை வணங்குவார்கள். பாதையின் நடுப்பகுதி சாமி போகும் வழி என்பதால் ஓரமாக நடப்பார்கள். அப்புறம் தண்ணீர்த் தொட்டி. அகப்பையில் ஒரே தடவை தண்ணீர் மொண்டு, அதற்குள்ளேயே எல்லாவற்றையும் முடிக்க வேண்டும்: முதலில் இடது கை, பிறகு வலது கை. மறுபடி அகப்பையை வலது கைக்கு மாற்றி, இடது உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி வாய் கொப்பளித்து, இடது கையை இன்னொரு தடவை நனைக்க வேண்டும். கடைசியில் அகப்பையைச் செங்குத்தாகத் தூக்கினால் மிச்சத் தண்ணீர் வழிந்து காம்பைக் கழுவிவிடும். அகப்பையில் நேராக வாய் வைக்கக் கூடாது. கொரோனாவுக்குப் பிறகு பல இடங்களில் அகப்பையையே எடுத்துவிட்டு மூங்கில் குழாயில் தண்ணீர் விடுகிறார்கள். அங்கே கையை நீட்டினால் போதும்.

சன்னதியில் காசைப் பெட்டியில் போட்டு, மணி இருந்தால் கயிற்றை ஆட்டி, இரண்டு தடவை குனிந்து வணங்கி, இரண்டு தடவை கை தட்டி, வேண்டிக்கொண்டு, மறுபடி ஒரு தடவை குனிய வேண்டும். ஷிமானேயில் உள்ள இசுமோ தைஷா போன்ற ஒரு சில இடங்களில் நான்கு தட்டல். எவ்வளவு காசு என்று கணக்கு இல்லை. முன்னால் இருப்பவர் செய்வதைப் பார்த்துச் செய்தாலே பாதி வேலை முடிந்தது.

தேங்காய், பூ, சூடம் கொண்டுபோகலாமா?

வேண்டாம். அர்ச்சனை என்ற வழக்கம் இல்லை, நாமாக நெருப்பு ஏற்றவும் கூடாது. மரக் கட்டடங்கள், பலவும் பல நூற்றாண்டுப் பழமையானவை. சாப்பாட்டுக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. சாமிக்கே மீனும் சாகே என்ற அரிசி மதுவும்தான் படைக்கிறார்கள். மெய்ஜி ஜிங்கு போகும் வழியில் ஒரு பக்கம் சாகே பீப்பாய்களும் எதிரே பிரான்ஸின் பர்கண்டி ஒயின் பீப்பாய்களும் அடுக்கி வைத்திருப்பார்கள். எல்லாம் காணிக்கை. ஊரிலிருந்து வந்த பெரியவர்களை அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள், முகத்தைப் பார்க்க வேண்டும்!

தீட்டு பார்ப்பார்களா?

சாவுத் தீட்டு உண்டு. வீட்டில் நெருங்கியவர் இறந்தால் ஏறக்குறைய 50 நாள் ஜின்ஜாவுக்குப் போகாமல் இருப்பது வழக்கம். பௌத்தக் கோயிலுக்கு அந்தத் தடை இல்லை, சாவுச் சடங்குகளே அங்கேதான் நடக்கின்றன. மாதவிடாயைப் பொறுத்தவரை, பழைய காலத்தில் விலக்கு இருந்தது. இன்று சாதாரணமாகப் போய்க் கும்பிடுவதற்கு யாரும் தடை சொல்வதில்லை. ஆனால் பெண்களை ஏற்றாத மலை இன்னும் இருக்கிறது: நாரா மாநிலத்தில் ஓமினே மலைத்தொடரின் சன்ஜோகதாகே. ஏறும் வழியில் பலகையே வைத்திருக்கிறார்கள்.

ஒமிகுஜி என்ற பலன் சீட்டில் கெட்ட பலன் வந்துவிட்டது. என்ன செய்வது?

அங்கேயே கம்பியில் கட்டிவிட்டு வந்துவிடுங்கள், அதற்குத்தான் கம்பி கட்டியிருக்கிறார்கள். சென்சோஜியில் எடுத்திருந்தால் கவலையே வேண்டாம். அங்கே நூறு சீட்டில் முப்பது ‘க்யோ’, அதாவது கெட்டது. பழைய விகிதத்தை மாற்றாமல் வைத்திருக்கிறார்கள்.

ஒமாமொரி என்கிற சின்னத் துணிப்பை தாயத்துக்கு ஏறக்குறைய ஒரு வருடம்தான் ஆயுள் என்பார்கள். குப்பையில் போடாமல் வாங்கிய ஜின்ஜாவிலேயே பழையதைத் திருப்பிக் கொடுத்தால், அவர்கள் முறைப்படி எரித்துவிடுவார்கள். பையைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக் கூடாது. குழந்தைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நம்ம சாமிகள் இங்கே இருக்கிறார்களாமே?

இருக்கிறார்கள். பௌத்தத்தோடு சீனா வழியாக வந்தவர்கள், வந்த இடத்தில் ஆளே மாறிவிட்டார்கள். சரஸ்வதிதான் பென்சாய்தென். வீணைக்குப் பதில் பீவா என்ற வாத்தியம். பெரும்பாலும் தண்ணீர் நடுவில்தான் இருப்பாள்: உவேனோவின் ஷினோபாசு குளத்துத் தீவில், கிச்சிஜோஜி பக்கம் இனோகஷிரா பூங்காவின் குளத்தில், எனோஷிமாவில். இனோகஷிராவில் ஜோடியாகப் படகு விட்டால் அவள் பொறாமையில் பிரித்துவிடுவாள் என்று ஒரு நம்பிக்கை. படகுத்துறையில் வரிசை மட்டும் குறைவதில்லை. முன்பு சொன்ன செனியராயும் இவளுடையதுதான். அங்கே மூங்கில் கூடையில் காசை, நோட்டைக்கூட, குகை ஊற்றில் கழுவினால் பெருகும் என்பார்கள். கல்விக் கடவுள் பணக் கணக்கையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறாள்.

மகாகாலர் இங்கே தைகோகுதென். அரிசி மூட்டை மேல் சுத்தியலோடு சிரித்துக்கொண்டு நிற்கும் குண்டு ஆசாமியைப் பார்த்தால் நம்பவே முடியாது. லட்சுமி கிச்சிஜோதென், குபேரன் பிஷமோன்தென், எமன் என்மா. இந்திரனுக்கு நம் பக்கத்து வட்டாரமான கட்சுஷிகாவில் ஷிபமதா தைஷகுதென் என்று நல்ல கோயில் இருக்கிறது. தாமரைச் சூத்திரக் கதைகளை மரத்தில் செதுக்கிய வெளிச்சுவர்கள், கண்ணாடிக் கூடம் போட்டுப் பாதுகாத்தவை, கட்டாயம் பார்க்க வேண்டியவை. இந்திரனுக்குத் தமிழ்நாட்டில்கூட இப்படி ஒரு கடைத்தெருவும் கூட்டமும் இன்று கிடையாது.

பிள்ளையார்தான் கொஞ்சம் ரகசியமானவர். கன்கிதென் என்று பெயர், ஷோதென் என்றும் சொல்வார்கள். யானைத்தலை உருவங்கள் இரண்டு கட்டித் தழுவி நிற்கும் சிலை, அதை யாருக்கும் காட்டுவதில்லை. அசகுசாவிலிருந்து நடந்து போகும் தூரத்தில், சுமிதா ஆற்றோரச் சின்ன மேட்டில் மட்சுசியாமா ஷோதென் இருக்கிறது. அங்கே நைவேத்தியம் கொழுக்கட்டை அல்ல, முள்ளங்கி! கோயிலிலேயே முழு முள்ளங்கி விற்கிறார்கள், வாங்கிச் சன்னதியில் வைக்கலாம். படைத்த முள்ளங்கிகளைப் பிறகு வருகிறவர்கள் எடுத்துப்போக வைத்திருப்பார்கள். சாம்பாருக்கு ஆயிற்று. தூண், படி, விளக்கு என்று எங்கு பார்த்தாலும் முள்ளங்கியும் பணப்பையும் செதுக்கியிருக்கும். ஜனவரி 7 அன்று முள்ளங்கித் திருவிழா நடத்தி, வேகவைத்த முள்ளங்கி தருகிறார்கள்.

ஹோமம், தீமிதி எல்லாம் உண்டா?

இரண்டும் உண்டு. டோக்கியோவில் எனக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால் மெய்ஜி ஜிங்குவையோ சென்சோஜியையோ சொல்லமாட்டேன், ஃபுகாகவா ஃபுடோதோவைச் சொல்வேன். நிஷி கசாயிலிருந்து டோசாய் பாதையிலேயே மொன்சென் நகாச்சோவில் இறங்கினால் போதும். கூகாய் என்ற துறவி 806-ல் சீனாவிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த பௌத்த மரபில் கோமா என்று ஹோமம் செய்கிறார்கள். இங்கே தினமும் பல வேளை நடக்கிறது, உட்கார்ந்து பார்க்கக் காசு கிடையாது. பெரிய பெரிய தாய்கோ முரசுகள் அதிரும்போது நெஞ்சுக்கூடே நடுங்கும். குருக்கள் குச்சிகளை ஒவ்வொன்றாகப் போட, தீ ஆள் உயரம் எழும்பும். முடிந்ததும் வந்தவர்கள் வரிசையில் போய்த் தங்கள் கைப்பையைக் கொடுக்க, அதைத் தீக்கு மேல் காட்டித் திருப்பித் தருவார்கள். மடிக்கணினிப் பையைக் கொடுத்தவரையும் பார்த்திருக்கிறேன். 2011-ல் திறந்த புதிய மண்டபத்தின் கறுப்புச் சுவர் முழுக்கச் சித்தம் என்ற பழைய இந்திய எழுத்தில் சமஸ்கிருத மந்திரம் பொறித்திருக்கிறது. உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை.

தீமிதிக்குத் தகாவோ மலைக்குப் போக வேண்டும். மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, மலையடிவாரத்தில், யகுவோயின் கோயிலைச் சேர்ந்த யமபுஷி என்னும் மலைத் துறவிகள் நடத்துவது. சங்கு ஊதி, நான்கு திசைக்கும் அம்பு விட்டு, பச்சைக் கிளைகளால் மூடிய விறகுக் குவியலுக்குத் தீ வைப்பார்கள். முதலில் வெள்ளைப் புகை மண்டி எதுவுமே தெரியாது, பிறகு ஒரே பிழம்பு. எரிந்து அடங்கியதும் பாதை ஒதுக்கி, துறவிகள் முதலில் நடப்பார்கள். பிறகு பொதுமக்களும் நடக்கலாம். நம் முறை வருவதற்குள் சூடு பெரும்பாலும் அடங்கியிருக்கும். குழந்தைகள்கூட நடக்கிறார்கள். காப்புக் கட்ட வேண்டாம், விரதம் வேண்டாம், வரிசையில் நின்றால் போதும்.

புதுக் காருக்குப் பூஜை போடலாமா?

போடலாம், ஜப்பானியர்களும் போடுகிறார்கள். பெரும்பாலான பெரிய ஜின்ஜாக்களில் காரைக் கொண்டுபோய் நிறுத்தினால் குருக்கள் வெள்ளைக் காகித நாடாக்கள் கட்டிய கோலை ஆட்டி மந்திரம் சொல்வார். கவாசாகி தைஷி பௌத்தக் கோயிலில் இதற்கென்றே தனி மண்டபம், அதுவும் இந்தியப் பாணிக் கட்டடம். காணிக்கை பொதுவாக 5,000 யென்னிலிருந்து தொடங்கும். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைக்கும் திட்டமிருந்தால் வீட்டு வாகன நிறுத்தத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தாண்டுக்குக் கோயிலுக்குப் போவது எப்படி?

ஹட்சுமோதே என்பது வருடத்தின் முதல் கும்பிடு. மெய்ஜி ஜிங்குவில் முதல் மூன்று நாளில் மட்டும் ஏறக்குறைய 30 லட்சம் பேர். ஒரு தடவை அனுபவிக்க வேண்டும் என்றால் போங்கள். மற்றபடி வீட்டுக்குப் பக்கத்து ஜின்ஜாவுக்கு 31 இரவு 12 மணிக்குப் போவதுதான் சுகம். தெருக்காரர்கள் நெருப்பு மூட்டிக் குளிர் காய்ந்துகொண்டு, அமஸகே என்ற இனிப்புக் கஞ்சி ஊற்றித் தருவார்கள். அது இரண்டு விதம். கோஜி என்ற நொதித்த அரிசியில் செய்தது மது அல்ல, சாகே வண்டலில் செய்ததில் கொஞ்சம் மது இருக்கும். குழந்தைக்குக் கொடுக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த மட்சுரிக்குப் போகலாம்?

மட்சுரி என்றால் திருவிழா. டோக்கியோவின் பெரிய மூன்றைச் சொல்கிறேன். கந்தா மட்சுரி ஒற்றைப்படை ஆண்டுகளில் மே மாதம் பெரிதாக நடக்கும். சன்னோ மட்சுரி இரட்டைப்படை ஆண்டுகளில் ஜூன் மாதம். ஃபுகாகவா ஹச்சிமான் மட்சுரி ஆகஸ்டில், மூன்று ஆண்டுக்கு ஒரு முறை முழு அளவில். மிகோஷி என்ற, தோளில் தூக்கும் சாமிப் பல்லக்குகள் ஐம்பதுக்கும் மேல் வரும், வழியெல்லாம் தூக்குகிறவர்கள் மேல் தண்ணீர் ஊற்றுவார்கள். அசகுசாவின் சன்ஜா மட்சுரி ஒவ்வோர் ஆண்டும் மே மூன்றாவது வாரக் கடைசியில். காமினரிமோன் வாசலில் தொங்கும் 3.9 மீட்டர் சிவப்பு விளக்கை அப்போது மிகோஷிகள் இடிக்காமல் போவதற்காகச் சுருக்கித் தூக்கிவிடுவார்கள். கியோட்டோவின் கியோன் மட்சுரி 869-ல் கொள்ளைநோயைத் தணிக்கத் தொடங்கியது. ஜூலை முழுக்க நடந்தாலும் 17, 24 தேதிகளில்தான் பெரிய தேர்கள். ஜூலை மாதக் கியோட்டோ வெயில் மதுரைக்காரர்களையே உட்கார வைத்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் குடியிருப்பவருக்கு என் சிபாரிசு, உங்கள் தெரு ஜின்ஜாவின் மட்சுரி. எப்போது என்று இணையத்தில் தேட வேண்டாம். சோனாய்கை என்ற தெருச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். ஒரு வாரம் முன்பே வீடுகளுக்கு முன்னால் கயிறு கட்டி மின்னல் வடிவில் மடித்த வெள்ளைக் காகிதம் தொங்கவிடுவார்கள். ஜின்ஜா வாசலில் யார் எவ்வளவு கொடுத்தார் என்று பெயரும் தொகையும் எழுதிய தாள்கள் வரிசையாக ஏறும்.

மிகோஷியைத் தூக்க எங்களை விடுவார்களா?

பெரிய திருவிழாவில் நீங்களாகப் போய் நுழைய முடியாது. தெருச் சங்கம் மூலம்தான். மாதம் சில நூறு யென் சந்தா கட்டி உறுப்பினரானால் பெரும்பாலான தெருக்களில் கூப்பிடவே செய்வார்கள். இளவட்டம் குறைந்துவிட்டது, தூக்க ஆள் தேடுகிறார்கள். ஹப்பி என்ற மேற்சட்டையை அவர்களே இரவல் தருவார்கள். அது இல்லாமல் தடியைத் தொடக் கூடாது.

தூக்குவது தோளில் என்றாலும் வேலை முழங்காலில்தான். ‘வஷ்ஷோய்’, ‘சொய்யா’ என்று கத்திக்கொண்டு சின்னச் சின்ன அடியாக எல்லோரும் ஒரே தாளத்தில் குதிக்க வேண்டும். தாளம் தப்பினால் தடி தோள் எலும்பில் இடிக்கும். உயரமானவர்கள் பாடு திண்டாட்டம். பக்கத்தில் நிற்பவர் குட்டையானவர் என்றால் மொத்தப் பாரமும் நெட்டையர் தோளில் இறங்கிவிடும். சட்டைக்குள் தோளில் ஒரு துண்டை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். அரைமணிக்கு ஒரு தடவை யாராவது ஒரு வீட்டு வாசலில் இறக்கி வைத்து, பார்லி டீ, பீர், ஒனிகிரி என்ற சோற்றுருண்டை, வெள்ளரிக்காய் ஊறுகாய் கொடுப்பார்கள். மறுநாள் அலுவலகத்தில் பை மாட்ட முடியாது. குழந்தைகளுக்குத் தனியாகக் குட்டி மிகோஷி உண்டு, முடிவில் ஒரு பை நிறைய மிட்டாய் தருவார்கள். பிள்ளைகள் தமிழில் கத்தினாலும் தாளம் சரியாக இருந்தால் போதும்.

ஒரே ஒரு விஷயம்: மாடியிலிருந்தோ பாலத்திலிருந்தோ மிகோஷியைக் கீழ்நோக்கிப் பார்ப்பதை மரியாதைக் குறைவாக நினைக்கிறார்கள். படம் எடுக்கத் தெருவுக்கு இறங்கி வாருங்கள்.

மட்சுரியில் சைவர்கள் என்ன சாப்பிடுவது?

தகோயாகியில் ஆக்டோபஸ், மாவிலேயே மீன் சாறு. யாகிசோபா நூடுல்ஸில் பன்றி இறைச்சி. எடுத்துவிட்டுக் கொடுங்கள் என்றாலும் அதே இரும்புத் தட்டுதான், மேலே மீன் துருவலும் தூவுவார்கள். நம்பி வாங்கக்கூடியது: வெண்ணெய் போட்ட அவித்த உருளைக்கிழங்கு, சோயா சாஸ் தடவிச் சுட்ட சோளம், சாக்லேட் வாழைப்பழம், பாகில் முக்கிய ஆப்பிள், பஞ்சு மிட்டாய், ககிகோரி ஐஸ். பேபி கஸ்தெல்லா கேக்கில் முட்டை உண்டு. சோளத்துக்கு எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் சின்ன டப்பியில் எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். புத்திசாலிகள்.

பொன் ஓதோரியில் ஆடலாமா?

கோடைக்கால வட்ட ஆட்டம் அது, யாரும் ஆடலாம். நடுவில் மேடை, சுற்றி வட்டம். கிமோனோ கட்டிய பாட்டி ஒருவர் பின்னால் நின்றுகொண்டு அவர் கையைப் பாருங்கள், இரண்டாவது சுற்றில் வந்துவிடும். கும்மி தெரிந்தவர்களுக்கு இன்னும் சுலபம். டோக்கியோவில் ஜூலையிலும் ஆகஸ்டிலும், பெரும்பாலும் பூங்காக்களிலும் பள்ளி மைதானங்களிலும் நடக்கும்.

செட்சுபுன் பருப்பு வீச்சு எந்தத் தேதி?

வழக்கமாகப் பிப்ரவரி 3. வானியல் கணக்கால் 2021-லும் 2025-லும் பிப்ரவரி 2-க்கு வந்தது. வறுத்த சோயாப் பருப்பை வீசி, பேயே வெளியே போ, அதிர்ஷ்டமே உள்ளே வா என்று கத்துவார்கள். சென்சோஜியில் பேயை விரட்டுவதில்லை. கன்னோன் முன்னால் பேயே கிடையாதாம்.

செர்ரிப் பூ பார்க்க எங்கே, எப்போது?

டோக்கியோவில் பூத்துவிட்டது என்று வானிலைத் துறை அறிவிப்பது, யசுகுனி ஜின்ஜாவில் உள்ள ஒரு குறிப்பிட்ட மரத்தில் ஐந்தாறு பூ மலர்ந்ததும். அதிலிருந்து ஏறக்குறைய ஒரு வாரத்தில் உச்சம். பிறகு ஒரு மழை பெய்தால் முடிந்தது. சனிக்கிழமைவரை காத்திராமல் வார நாளில் அரை நாள் விடுப்பு போடுங்கள், அலுவலகத்தில் புரிந்துகொள்வார்கள்.

நீல விரிப்பு, பீர், பாட்டு, கூட்டம் வேண்டுமென்றால் உவேனோ. 1873-ல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது, ஜப்பானின் முதல் பொதுப் பூங்காக்களில் ஒன்று. குடும்பத்தோடு நிம்மதியாக உட்கார வேண்டுமென்றால் ஷின்ஜுகு கியோஎன். பெரியவர்களுக்கு 500 யென், நடுநிலைப் பள்ளிவரை இலவசம். மது கொண்டுபோக முடியாது, பூக்காலத்தில் வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். அதனாலேயே அது அமைதியாக இருக்கிறது. பல வகை மரங்கள் இருப்பதால் மற்ற இடங்களில் உதிர்ந்த பிறகும் ஏப்ரல் பின்பாதியில் அடர்ந்த இதழ் ரகங்கள் பூக்கும். கூட்டம் போன பிறகு நான் போவது அப்போதுதான்.

எங்கே போனாலும் கிளையை வளைக்க, ஆட்ட, ஒடிக்கக் கூடாது. வேர் மேல் விரிக்கக் கூடாது. புளிசாதம் எடுத்துப் போகலாம். குப்பைத் தொட்டி இருக்காது என்பதால் கூடவே ஒரு பெரிய பையும் வேண்டும்.

பூங்காவில் கிரிக்கெட், பார்பெக்யூ?

கோயிலைவிடப் பூங்காவில்தான் இந்த ஊரில் விதிகள் அதிகம். தெருமுனைப் பூங்காக்கள் பெரும்பாலானவற்றில் பந்து விளையாட்டுக்கே தடைப் பலகை இருக்கும், டென்னிஸ் பந்தானாலும் மட்டை என்று ஒன்று இருந்தால் பிரச்சனைதான். யாரும் நேரில் வந்து சண்டை போடமாட்டார்கள், நேராக வட்டார அலுவலகத்துக்கு ஒரு போன் போகும். ஆற்றங்கரை மைதானங்களைப் பதிவு செய்து ஆடுங்கள். முறையான ஆடுகளம் வேண்டுமென்றால் தொசிகியின் சானோ நகரம். ஜப்பானின் கிரிக்கெட் ஊர் அதுதான்.

நெருப்பு மூட்ட, ஒதுக்கிய இடம் மட்டும். கசாய் ரிங்காய் பூங்காவில் அப்படி ஓர் இடம் இருக்கிறது, முன்பதிவு வேண்டும். அங்கேயே 117 மீட்டர் ராட்டினமும் இருக்கிறது. டிரோன் பறக்க விடாதீர்கள்.

நாரா மான்கள் கடிக்குமா?

கையில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு ஆசை காட்டினால் கடிக்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள், கசுகா தைஷா ஜின்ஜாவின் தூதர்களாகக் கருதப்படுபவை. யாருடைய வளர்ப்பும் அல்ல, காட்டு விலங்குகள். 1957-ல் இயற்கைச் சின்னமாக அறிவிக்கப்பட்டவை. அங்கே விற்கும் மான் பிஸ்கட்டை மட்டும் கொடுங்கள், கொடுத்து முடித்ததும் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டுங்கள், போய்விடும். பிளாஸ்டிக் பையை விழுங்கி மான்கள் இறந்திருக்கின்றன. இலையுதிர் காலத்தில் கிடாக்களிடமிருந்தும் மே முதல் ஜூலைவரை குட்டியோடு இருக்கும் தாய்களிடமிருந்தும் குழந்தைகளைத் தள்ளி வையுங்கள்.

கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி ஜின்ஜாவில் கூட்டமில்லாமல் படம் எடுக்க முடியுமா?

காலை ஆறரை மணிக்குள் போனால் முடியும். இரவு பகல் திறந்திருக்கும், சீட்டு கிடையாது. இல்லையென்றால் மேலே ஏறுங்கள். இனாரி மலை 233 மீட்டர்தான், பாதி வழியிலேயே கூட்டம் கரைந்துவிடும். இறங்கும்போது, வழியெல்லாம் வரிசையாக நிற்கும் தோரிகளின் பின்பக்கத்தைப் பாருங்கள், கொடுத்தவர் பெயரும் தேதியும் எழுதியிருக்கும். நம்மூர் டியூப்லைட் உபயம் நினைவுக்கு வராமல் இருக்காது.

மற்ற இடங்களில் சன்னதியின் உட்புறத்தைப் படமெடுப்பது பெரும்பாலும் தடை. கியோட்டோவின் கியோனில் சில தனியார் சந்துகளில் நுழைந்தாலே 10,000 யென் என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

எங்கள் பெண்ணுக்கு மூன்று வயது. ஷிச்சிகோசான் செய்யலாமா?

செய்யலாம். 3, 5, 7 வயதுக் குழந்தைகளுக்காக ஜின்ஜாவில் வேண்டிக்கொள்ளும் சடங்கு இது, நவம்பர் 15-ஐ ஒட்டி நடக்கும். 3-ம் 7-ம் பெண்ணுக்கு, 5 பையனுக்கு என்பது பொதுவான கணக்கு. வெளிநாட்டவர் என்பதற்காகத் தடை இல்லை. கிமோனோ வாடகைக்குக் கிடைக்கும், பட்டுப்பாவாடையும் பொருந்தும். விண்ணப்பத்தில் பெயரைக் கதகானா என்ற ஜப்பானிய எழுத்தில் தெளிவாக எழுதிக் கொடுங்கள். குருக்கள் அதைச் சாமி முன்னால் உரக்கப் படிக்க வேண்டும், நீளமான தமிழ்ப் பெயர் என்றால் பாவம், திணறிவிடுவார்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், முழங்கால் வலி. எங்கே கூட்டிப்போவது?

மெய்ஜி ஜிங்குவைத் தவிர்க்கச் சொல்லமாட்டேன், ஆனால் ஹராஜுகுவிலிருந்து சன்னதிவரை சரளைக்கல் பாதை, வயதானவர்களுக்குக் கால் புதையும். மெதுவாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நாடெங்கிலுமிருந்து வந்த ஏறக்குறைய ஒரு லட்சம் மரங்களை நட்டு மனிதர்கள் உருவாக்கிய காடு அது, 1920-ல்தான் ஜின்ஜா திறந்தது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். சமதளம் வேண்டுமென்றால் ஷின்ஜுகு கியோஎன், ஷிபமதா கடைத்தெரு. தகாவோவில் கேபிள் கார் இருக்கிறது என்று நம்பி அழைத்துப் போக வேண்டாம், இறங்கிய பிறகும் கோயிலுக்குப் படிகள் உண்டு.

வார நாளில் நீங்கள் வேலைக்குப் போய்விட்டால், நிஷி கசாயில் இருப்பவர்களுக்கு கியோசென் பூங்கா போதும். அதற்குள் வட்டாரத்தின் இலவச விலங்குக்காட்சிச் சாலை, பக்கத்திலேயே ஒரு ஜப்பானியத் தோட்டம், நிழலில் பெஞ்சுகள், கழிப்பறை எல்லாம் இருக்கிறது. திங்கட்கிழமை விலங்குகளுக்கு விடுமுறை, மற்ற நாட்களில் போகச் சொல்லுங்கள்.